உப்பைப் போட்டிடாதை, எட்மன்

இரவு ஒன்றரை. குருநகர் ஐஸ் கொம்பனி.
அமோனியா மெஷின் இரைகிற இரைச்சலுக்குள்
எட்மன் எடுக்கிறான்.
அவனுக்கு இன்னும் நேற்றுப் பின்னேரம் மூன்று மணி.
மைனஸ் இருபத்தெட்டு என்கிறான்,
சந்தையில் சூடைமீன் விலை சொல்வதுபோல.

வீட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி
பனிக்குள் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் விறகடுப்பு,
அடுப்பைச் சுற்றி ஆயிரம் லீற்றர் தண்ணீர்.
அந்தத் தண்ணீர்தான் சூட்டை
நிலத்துக்குக் கீழால் வீட்டுக்குக் காவுகிறது.

"கிளைகோல் வாங்கினா ஒரு மாசச் சம்பளம் போயிடும், அக்கா.
எங்கட தொட்டிக்கு உப்புத்தானே போட்டம்?
மைனஸ் பத்திலயும் உறையாமக் கிடந்துதே.
நானும் உப்பைக் கரைச்சு விட்டா என்ன?"

டோர்ச்சோடு தொட்டியடிக்குப் போனேன்.
நீ போகிற கிழமை ஒட்டிய தகடு, எட்மன்.
உன் வெல்டிங் கோடு எனக்குத் தெரியும்,
முடிகிற இடத்தில் இடப்பக்கம் சரியும்.
அதன் கீழே விரலை வைத்தேன்.
அப்பளம்.

உப்பு தண்ணீரை உறைய விடாது, உண்மைதான்.
ஆனால் அது சும்மா இருக்கிற பிறவியில்லை.
எங்களுக்குக் கட்டும். எங்களுக்கு ஐஸ் வேணும்.
பெட்டிகள் ஓட்டையாகும், மாற்றுவோம்,
முதலாளி ஏசுவார்,
விடியப்புறம் வள்ளங்கள் வந்து நிற்கும்.

இங்கே கரண்ட் போனால் உருகும்.
அங்கே கரண்ட் போனால் உறையும்.
டீசல் இல்லாத அந்த வருடம்
ஐஸ் கட்டிகளுக்கு உமியும் சாக்கும் போர்த்திவிட்டு
பதின்மூன்று மணித்தியாலம் பக்கத்தில் இருந்தேன்.
நீயும் அந்த வருடம்தான், புயல் இரவொன்றில்,
நின்றுபோன பம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு
இருந்தாயாம். இப்போதுதான் சொல்கிறாய்.
அப்போது நாங்கள் கதைப்பதில்லை.
வெல்டிங் மெஷின் விற்ற காசு நடுவில் கிடந்தது.
இன்னும் கிடக்கிறது.

சரி, எழுது.
கிணத்துத் தண்ணி விடாதை,
சுண்ணாம்பு எண்டா எங்கட ஊர்க் கேத்திலைப் பார்த்தனிதானே.
மழைத்தண்ணி விடு. துரு மருந்தை, நைற்றைற்,
சொன்ன அளவுக்குப் போடு, கைக்கணக்கில்லை.
காருக்கு விடுற பச்சைத் தண்ணி வேண்டாம்,
ஒழுகினா நாய் நக்கும். இனிக்கும். செத்துப்போகும்.
கிளிசரினோ? குளிருக்குப் பாணி மாதிரித் தடிக்கும்,
உன்ர பம்ப் இழுக்குமோ எனக்குத் தெரியாது.
பம்பை நிப்பாட்டாதை. அதுக்கெண்டு
ஒரு லொறி பற்றரி வாங்கி வை.
கோடைக்குச் சாம்பலை வழிச்செடு.
ஈரச் சாம்பல் வெளியால இருந்து தின்னும்.

எட்டு நாள் கழித்து
பரிசோதனைத் தாளைப் படமெடுத்து அனுப்பினான்.
என் போன் கண்ணாடி குறுக்கே வெடித்தது.
வெடிப்புக்கு இங்கால் மஞ்சள், அங்கால் பச்சை.

"என்ன நிறம், அக்கா?"
"உன்ர கையிலதானே கிடக்கு, பாரன்."
"எனக்கு நிறம் பிடிபடாதெண்டது மறந்திட்டியளோ?"

சிவப்பு வயர், பச்சை வயர்,
ஏழு வருடம் அவன் தோளுக்குப் பின்னால் நின்று
நான்தானே சொன்னேன்.
வெளியில வா, வீடியோவில வா,
தாளைப் பனிமேல வை என்றேன்.

வைத்தான். இத்தனை வெள்ளையை
ஐஸ் கொம்பனியில் இருந்தும் நான் கண்டதில்லை.
நடுவில் ஒரு விரல் அகலத் தாள்.
"பச்சை. கொஞ்சம் நீலம் விழுந்திருக்கு. ஒன்பதுக்குக் கிட்ட.
நல்லது."

அவன் வைக்கவில்லை.
"எவ்வளவெண்டு எழுதி வையுங்கோ" என்றான்.
"எதுக்கு, மருந்துக்கோ?"
"வெல்டிங் மெஷினுக்கு."

கையுறை போடாமல் நிற்கிறான், படத்தில் தெரிகிறது.
முதல் உள்ள போ, எட்மன்.
விரல் உறையப் போகுது.